சுவரைப் படம் பிடித்தாயிற்று, தரையை என்ன செய்யப் போகிறீர்கள்?

வீம்ஸ் குகைகள் குறித்து, ஸ்காட்லாந்தில் தொல்லியலுக்கும் கடற்கரைக்கும் பொறுப்பு வகிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஸ்காட்லாந்தின் கிழக்கே ஃபைஃப் பகுதியில் 11 வருடமாகக் குடியிருப்பவள். ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்கில், மயக்க மருந்துப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். தொல்லியல் படித்தவள் இல்லை. ஆனால் நான்கு வருடமாக ஈஸ்ட் வீம்ஸ் கடற்கரைக்கு மாதம் ஒருமுறையாவது போய் வருகிறேன். அங்கே பார்ப்பதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இதை முதலில் தமிழில் எழுதுகிறேன். மனசு உறுத்தும் விஷயத்தைத் தாய்மொழியில் எழுதிப் பார்த்தால்தான், நான் கேட்பது நியாயமா என்று எனக்கே விளங்கும். ஆங்கிலத்தில் ஒரு பிரதி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக வரும். தமிழில் வெளியிட இன்னொரு காரணமும் உண்டு. எடின்பரோ பக்கம் இருக்கிற நம் ஆட்கள் பலருக்கு, இப்படி ஓர் இடம் இவ்வளவு கிட்டத்தில் இருப்பதே தெரியாது.

அவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்த் முகத்துவாரத்தின் வடகரையில், கெர்காடிக்கும் லீவனுக்கும் நடுவில் இருக்கிறது ஈஸ்ட் வீம்ஸ். வீம்ஸ் என்ற பெயரே குகையைக் குறிக்கும் கேலிக் சொல்லிலிருந்து வந்ததுதான். ஊரைத் தாண்டிக் கடலோரமாகக் கிழக்கே நடந்தால், இடிந்து நிற்கும் மக்டஃப் கோட்டையை ஒட்டிய கரையில், மணற்கல் பாறையில் குகைகள் வரும். கோர்ட் குகை, டூ குகை, கிணற்றுக் குகை, ஜோனதன் குகை, ஸ்லைடிங் குகை. ஸ்காட்ஸ் பேச்சில் டூ என்றால் புறா. ஒரு காலத்தில் புறா வளர்ப்பதற்காகச் சுவர் முழுக்கப் பொந்து பொந்தாக வெட்டியிருக்கிறார்கள், இன்றைக்கும் பார்க்கலாம். ஜோனதன் என்பவர் அந்தக் குகையிலேயே குடியிருந்த ஆணி செய்யும் தொழிலாளி என்று ஊரில் சொல்வார்கள். இவர்களுக்கெல்லாம் பல நூறு வருடங்களுக்கு முன்னால் பிக்ட் மக்கள் இந்தச் சுவர்களில் செதுக்கியிருக்கிறார்கள். இரட்டை வட்டம், மீன், விலங்கு உருவங்கள், இன்னும் பெயர் சொல்ல முடியாத சில வடிவங்கள். பிரிட்டனில் இத்தனை பிக்டிஷ் குகைச் செதுக்கல்கள் ஒரே இடத்தில் வேறெங்கும் கிடையாது.

பிக்ட் என்ற பெயரை ரோமானியர்கள் முதன்முதலாகச் சொல்வது கி.பி. 297இல். ஏறத்தாழ 900 வரை ஸ்காட்லாந்தின் வடக்கும் கிழக்கும் இவர்கள் கையில் இருந்தது. பிறகு ஆல்பா என்ற அரசுக்குள் கரைந்துபோனார்கள், அவர்களோடு மொழியும் போய்விட்டது. தங்களைப் பற்றி அவர்களே எழுதிவைத்தது என்று தேடினால் ஓர் அரசர் பட்டியல், ஓகம் என்ற கோட்டு எழுத்தில் கொஞ்சம் கல்வெட்டு, அவ்வளவுதான் தேறும். மீதியெல்லாம் அடுத்த வீட்டுக்காரர்கள் சொன்னது. ரோமானியர் சொன்னது, ஐரிஷ் துறவிகள் சொன்னது, தெற்கே இருந்த நார்தம்பிரியா நாட்டுத் துறவி பீட் சொன்னது. அவர்கள் தம் கையாலேயே விட்டுப்போனது என்றால் இந்தக் குறிகள்தான். இவை எழுத்தா, ஆட்பெயரா, குலச்சின்னமா என்று இன்னும் முடிவாகவில்லை.

என்னை இந்தக் குகைகளுக்கு அழைத்துப்போனது என் தொழில். மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் ஜேம்ஸ் யங் சிம்ப்சனைத் தெரியும். 1847இல் குளோரோஃபார்மை மயக்க மருந்தாகப் பயன்படுத்திக் காட்டிய எடின்பரோ மருத்துவர். புதிதாக வந்த ஒரு மாணவிக்கு அவரைப் பற்றிச் சொல்வதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. வீம்ஸ் குகைச் செதுக்கல்களை 1865இல் அறிஞர் உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவரும் இதே சிம்ப்சன்தான். பிரசவ வலியைக் குறைக்க வழி தேடிய அதே மனிதர், ஓய்வு கிடைத்தபோது பாறைக் கீறல்களைத் தேடி அலைந்திருக்கிறார். அந்தக் குகை என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தது. அடுத்த விடுமுறை நாளிலேயே என் மகனையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜோனதன் குகைக்குத் தனியாகப் போனால் பெரிதாக ஒன்றும் தெரியாது என்று, கோடைகாலத்தில் தன்னார்வலர்கள் அழைத்துப்போகும் குழுவோடு சேர்ந்துகொண்டோம். உள்ளே போனதும் ஈர மண் வாடை. நான் டார்ச்சை எடுத்துச் சுவரில் நேராக அடித்தேன். செம்பழுப்புப் பாறை, பச்சைப் பாசி, யார் யாரோ கிறுக்கிய பெயர்கள், வருடங்கள். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று என் மகன் முகத்தைச் சுளித்தான். வழிகாட்டியாக வந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார்.

பாறை மாறிவிட்டது. வெறும் சுவராக இருந்த இடத்தில் நிழல் ஒரு கோடாக விழுந்தது, அந்தக் கோடு வளைந்து இன்னொரு கோட்டைத் தொட்டது. அடிப்பாகம் வந்தது, பிறகு நுனி, பிறகு வரிசையாகத் துடுப்புகள். ஒரு படகு. கை விரித்தால் மறைந்துவிடும் அளவுக்கு மெல்லிய கீறல். அவர் டார்ச்சைத் தூக்கினார், படகு போயிற்று. மறுபடி சாய்த்தார், வந்தது. என் மகன் ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றான். தொடலாமா என்று என்னிடம் தமிழில் கேட்டான். கேள்வி புரியாமலேயே பெரியவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அந்தப் பாறை அவ்வளவு இளகல். விரல் பட்டாலே பொடி உதிரும்.

அந்தப் படகு பிக்ட் மக்கள் காலத்ததா, அதற்குப் பிந்தியதா? ஆய்வாளர்கள் நடுவில் ஒத்த கருத்து இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்த மடலின் மையம், அதற்கு வருகிறேன்.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜான் பேட்ரிக் என்ற புகைப்படக்காரர் இந்தக் குகைகளைப் படமெடுத்து வைத்தார். அது எவ்வளவு பெரிய உதவி என்பது பிறகு தெரிந்தது. மேற்கு டூ குகை என்று ஒன்று இருந்தது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல் அதன் மேலே பீரங்கி மேடை அமைத்தார்கள், குகை இடிந்து விழுந்தது. உள்ளே இருந்த செதுக்கல்களை இன்றைக்கு பேட்ரிக்கின் படங்கள் போன்ற பழைய பதிவுகளில்தான் பார்க்க முடியும். 1980களில் யாரோ ஒரு காரை ஜோனதன் குகைக்குள் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். அந்த அதிர்ச்சியில் ஊர்மக்கள் ஒன்றுகூடி 1986இல் குகைகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள், இன்றுவரை நடத்துகிறார்கள். 2004இல் தொலைக்காட்சிக் குழு ஒன்று வந்து அகழாய்வு செய்தது. 2013 முதல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் கடலோரத் தொல்லியல் குழு, ஊர்ச் சங்கத்தோடு சேர்ந்து, குகைகளை லேசர் கொண்டு முப்பரிமாணத்தில் பதிவு செய்தது. ஒரு செதுக்கலுக்குப் பல கோணங்களிலிருந்து வெளிச்சம் கொடுத்து வரிசையாகப் படமெடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே வெளிச்சத்தை நகர்த்திப் பார்க்கலாம். அன்று பெரியவர் டார்ச்சால் காட்டியதை, பாறையைத் தொடாமலே உலகத்தில் எவரும் செய்து பார்க்கலாம். உண்மையிலேயே அருமையான வேலை. என் மகன் படகை நண்பர்களுக்குக் காட்டுவது அதில்தான்.

ஆனால் அதற்கப்புறம் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். குகைகளைப் பற்றிக் கவலைப்பட்டால், அதான் ஸ்கேன் எடுத்தாயிற்றே என்று பதில் வருகிறது. கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறேன். என் வேலையில் தினமும் ஸ்கேன் பார்க்கிறேன். ஸ்கேன் எடுத்தாயிற்று என்பதற்காக எந்த நோயாளியையும் நாங்கள் அப்படியே விட்டுவிடுவதில்லை.

சுவரில் இருக்கும் ஒரு கீறலுக்கு எப்படி வயது சொல்வது? கரிமக் காலக்கணிப்புக்கு எலும்போ கரியோ வேண்டும், அதாவது ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஏதாவது வேண்டும். பாறைக் கீறலில் அது கிடையாது. செதுக்கியவர் மூட்டிய தீயின் கரி, தின்றுவிட்டுப் போட்ட எலும்பு, மிதித்து இறுகிய மண் எல்லாம் தரையில் இருக்கின்றன. குறிகளுக்கு நம்பகமான வயது கிடைக்க வேண்டுமானால் அது காலுக்குக் கீழேயிருந்துதான் வர வேண்டும். படகின் வயதில் ஒத்த கருத்து இல்லாததற்குக் காரணம் இதுதான். சுவரை எத்தனை கோடிப் புள்ளிகளாக அளந்தாலும் அதில் தேதி கிடைக்காது.

நான் கற்பனையில் பேசவில்லை. உங்கள் நாட்டிலேயே இரண்டு இடங்கள் சாட்சி இருக்கின்றன.

ஒன்று, வடக்கே மரே கடற்கரையில் கவ்சீ அருகே இருக்கும் சிற்பிக் குகை. அலை வற்றும் நேரத்தில்தான் அங்கே நடந்து போக முடியும். வாயிலில் மீன், பிறை, அதன் மேல் ஒடிந்த அம்பு போன்ற கோடு எனப் பிக்டிஷ் குறிகள். சுவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால், அழகான குறிகள் உள்ள குகை என்று எழுதி முடித்திருப்போம். 1928 முதல் 1930 வரை சில்வியா பென்டன் என்ற பெண்மணி தரையைத் தோண்டினார். 1979இல் மறுபடியும் தோண்டினார்கள். அண்மையில் இயன் ஆர்மிட், லிண்ட்சி பியூஸ்டர் ஆகியோர் எல்லாவற்றையும் புதிய முறைகளில் திரும்ப ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். தரையிலிருந்து வந்த கதை வேறு. ஏறக்குறைய 3,000 வருடங்களுக்கு முன்னால், வெண்கலக் காலத்தின் கடைசியில், இறந்தவர்களை அங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்களில் குழந்தைகள் நிறைய. தங்கத் தகடு போர்த்திய முடி வளையங்களும் கிடைத்தன. பிறகு, ரோமானியர் பிரிட்டனில் இருந்த காலத்தில், குறைந்தது ஆறு பேருடைய தலையை அங்கே வெட்டியிருக்கிறார்கள். கழுத்து எலும்புகளில் வெட்டுத் தடம் இருக்கிறது. அந்த வாயிலில் பிக்டிஷ் குறிகளைச் செதுக்கியவர்கள், உள்ளே என்ன நடந்தது என்ற நினைவைச் சுமந்துகொண்டு செதுக்கினார்களா? அந்தக் கேள்வியைக் கேட்கவே தரை வேண்டியிருந்தது. ஒரு தாயாகச் சொல்கிறேன், அந்தக் குழந்தைகளைப் பற்றிப் படித்த பிறகு அந்த மீன் எனக்கு வெறும் மீனாகத் தெரியவில்லை.

அதே குகையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பென்டன் சேகரித்த எலும்புகளில் பெரும்பகுதி பிற்பாடு தொலைந்துபோனது. அவசரமாகத் தோண்டி, வைக்க இடமில்லாமல் விடுவதும் இழப்புதான். அதனால்தான் இப்போதே, நிதானமாகத் திட்டமிட நேரம் இருக்கும்போதே கேட்கிறேன்.

இரண்டாவது, ஸ்டோன்ஹேவனுக்குத் தெற்கே கடலுக்குள் தனியாக நிற்கும் டன்னிகேர் பாறை. 1832இல் அந்த ஊர் இளைஞர்கள் ஏறிப் போய்க் குறிகள் செதுக்கிய கற்களைக் கண்டார்கள். ஏறக்குறைய 180 வருடங்கள் அந்தக் கற்களுக்குச் சரியான வயது கிடையாது. 2015 முதல் அபெர்டீன் பல்கலைக்கழகத்தின் கார்டன் நோபிளும் குழுவினரும் கயிறு கட்டி மேலே ஏறி, எஞ்சியிருந்த தரையைத் தோண்டினார்கள். அடுப்புகளும் கரியும் கிடைத்தன. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுக் கோட்டை அது என்று தெரிந்தது. பிக்டிஷ் குறிகளின் தொடக்கத்தையே பின்னுக்குத் தள்ளிய முடிவு. அந்தப் பாறையின் பெரும்பகுதியைக் கடல் ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தது. மிச்சம் இருந்த கொஞ்சத்திலிருந்து இவ்வளவு வந்தது.

இப்போது வீம்ஸுக்கு வருவோம். பனிக்காலம் முடிந்து கடல் உயர்ந்து நின்றபோது அலை குடைந்தவை இந்தக் குகைகள். பிறகு பனியின் பாரம் நீங்கிய நிலம் மெல்ல மேலெழும்பியது, கடல் பின்வாங்கியது, மனிதர்கள் உள்ளே வந்தார்கள். ஆயிரக்கணக்கான வருடங்களின் மண் அப்படித்தான் தரையில் படிந்திருக்கிறது.

இந்தக் கரையின் கதையில் நிலக்கரியும் உண்டு. பக்கத்தில் மைக்கேல் சுரங்கம். கரி எடுத்தபிறகு மிஞ்சிய கல்லையும் மண்ணையும் பல வருடங்களாகக் கடற்கரையில் கொட்டினார்கள். அந்தக் குவியல் அலைக்குக் குறுக்கே ஒரு கரை போல நின்றது. 1967 செப்டம்பரில் சுரங்கத்தில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள், சுரங்கம் மூடப்பட்டது. கொட்டுவது நின்றதும் கடல் அந்தக் குவியலைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போனது. பல பத்தாண்டுகளாகச் சுரங்கக் கழிவுக்குப் பின்னால் பதுங்கியிருந்த குகைகள் மறுபடி அலைக்கு எதிரே வந்து நின்றன. கம்பிக் கூடைகளில் கல்லை நிரப்பி அடுக்கிப் பார்த்தார்கள். கம்பி துருப்பிடித்து அறுந்துவிட்டால் கல்லை அலை உருட்டிக்கொண்டு போகும். குகைகளில் இப்போது மிகவும் ஆபத்தில் இருப்பது ஜோனதன் குகைதான் என்று உங்கள் வல்லுநர்களே சொல்கிறார்கள்.

2023 அக்டோபரில் பாபெட் புயல் கிழக்குக் கரையை அடித்தபோது எனக்கு இரவு ஷிஃப்ட். ஜன்னலில் காற்று மோதும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தரை நினைவுதான். சுவர் எப்படியும் கணினியில் இருக்கிறது. வாசலில் புகும் ஒரு பெரிய அலை அரைமணி நேரத்தில் எத்தனை நூற்றாண்டு மண்ணை வாரிக்கொண்டு போகும்? போனது என்ன என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மேற்கு டூ குகைக்காவது படங்கள் இருக்கின்றன. தோண்டாமல் போன தரைக்குப் படம்கூட இருக்காது.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

இவை 1979 தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி பட்டியலில் உள்ள நினைவுச் சின்னங்கள், பாதுகாப்பு இருக்கிறதே என்பீர்கள். அனுமதியில்லாமல் யாரும் அங்கே மண்வெட்டி வைக்கக் கூடாது, சரி. ஆனால் சேதத்தைத் தடுக்கும் வேலையைச் செய்தே தீர வேண்டும் என்று அந்தச் சட்டம் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. 1949 கடற்கரைப் பாதுகாப்புச் சட்டமும் உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடுக்கிறதே தவிர, கடமையாக விதிக்கவில்லை. அதனால் கடல் தடுப்பு என்று கேட்டால் ஒருவர் தொல்லியல் பக்கம் கைகாட்டுகிறார், தொல்லியல் என்று கேட்டால் இன்னொருவர் கடற்கரைப் பக்கம் கைகாட்டுகிறார். கோபத்தில் சொல்லவில்லை. சட்டம் அப்படி இருக்கிறது, நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, குகைகள் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

சுவர் கட்டினால் பக்கத்துக் கரை அரிக்கும் என்பீர்கள். உண்மைதான். நான் கடலோர ஊரில் பிறந்தவள். ஓர் ஊரில் கல்லைக் கொட்டினால் அடுத்த ஊரில் மணல் காணாமல் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லாக் குகைக்கும் முன்னால் பாறாங்கல் அடுக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அது முடியாது, செய்யவும் கூடாது.

அப்புறம், தொல்லியலாளர்கள் சொல்லும் ஒரு காரணம் இருக்கிறது. தோண்டுவதே ஒருவகை அழிவு, ஒருமுறை தோண்டினால் திரும்ப வைக்க முடியாது, அதனால் புதைந்திருப்பதைப் புதைந்தபடியே அடுத்த தலைமுறைக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது உங்கள் கொள்கை. நல்ல கொள்கை. என் மகன் காலத்தில் இன்னும் நல்ல கருவிகள் வரும். இப்போதே குகை மண்ணிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கிறார்கள், பென்டன் தோண்டிய நாளில் அது யார் கனவிலும் இல்லை. ஆனால் அந்த அடுத்த தலைமுறை வரும்போது அந்த இடம் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இப்படி விட்டுவைக்கிறோம். வயல்வெளிக்கு அது சரி. அலை ஏறும் குகைக்கு அது எப்படிப் பொருந்தும்? அங்கே தோண்டாமல் விட்டால், தோண்டும் வேலையைக் கடல் செய்யும். பதிவு எதுவும் வைக்காது.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு குகைக்கும் உங்கள் முடிவை வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதைக் காப்போம், இதைக் காக்க முடியாது, விட்டுவிடுவோம். கரையோரத் திட்டங்களில் ‘தலையிடுவதில்லை’ என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறீர்கள், அதாவது கரையைக் கடலின் போக்கிலேயே விட்டுவிடுவது. அதில் ஒரு குகை விழுமானால், அந்த வார்த்தையை ஊர்மக்கள் முன்னால் வந்து சொல்லுங்கள். கஷ்டமான செய்தியை நோயாளியின் குடும்பத்திடம் உட்கார்ந்து சொல்வதை நாங்கள் வாரம்தோறும் செய்கிறோம். சொல்லாமல் தள்ளிப்போடுவதுதான் அவர்களை அதிகம் நோகடிக்கும். ஈஸ்ட் வீம்ஸ் மக்கள் சுரங்கத்தையும் இழந்து, அதற்குப் பிறகும் இந்தக் குகைகளைத் தங்கள் கைக்காசிலும் ஓய்வு நேரத்திலும் பார்த்துக்கொண்டவர்கள். உண்மையைத் தாங்க அவர்களுக்குத் தெரியும்.

விட்டுவிடுவது என்று முடிவானால், அந்த முடிவோடு சேர்த்தே தரையை முழுதாக அகழாய்வு செய்ய நிதி ஒதுக்குங்கள். இரண்டும் ஒரே தாளில் இருக்கட்டும். தோண்டி எடுப்பதை வைக்க இடமும், ஆராய ஆட்களும், ஆய்வக நேரமும் அந்தக் கணக்கிலேயே வரட்டும். குளிர்காலப் புயலில் ஒரு பகுதி போன பிறகு அவசர நிதி தேடுவது வேண்டாம். காப்பது என்று முடிவானால், எந்த வருடத்துக்குள், யார் பொறுப்பில் என்று எழுதுங்கள்.

இன்னொன்று சின்ன விஷயம், செலவும் குறைவு. தன்னார்வலர்கள் இப்போதே ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் போய்ப் பார்க்கிறார்கள். வாசலில் புதிதாக மண் அரித்து, எலும்போ கரியோ வெளியே தெரிந்தால், அன்றே தொலைபேசியில் கூப்பிட ஓர் எண்ணும், இரண்டு நாளுக்குள் வந்து பார்க்கப் பொறுப்புள்ள ஒருவரும் வேண்டும். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் அடுத்த பௌர்ணமி அலை வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் பதில் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். ஜோனதன் குகையிலிருந்து தொடங்குங்கள். அதன் தரைக்கு என்ன முடிவு என்று இந்தக் குளிர்காலத்துக்கு முன்னால் எழுத்தில் சொல்லுங்கள். பதிலைத் தனியாக எனக்கு அனுப்ப வேண்டாம், ஈஸ்ட் வீம்ஸ் மக்கள் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். அகழாய்வு என்று முடிவெடுத்தால், மண் சலிக்கவும் வாளி தூக்கவும் என் விடுமுறை நாட்களைத் தருகிறேன். மகனும் வருவான்.

இப்படிக்கு,
ஃபைஃபில் வசிக்கும் ஒரு செவிலி